பட்டன் டப்பாவில் கறுத்த விதை

செவ்வாய்க்கிழமை காலை மொட்டைமாடியில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் மாடிப்படியிலேயே நின்று, "பாட்டிம்மா, டெய்லர் ஜமீலாம்மா ஆஸ்பத்திரியிலயே தவறிட்டாங்க" என்றார். கையிலிருந்த பூவாளியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. எனக்கும் அவளுக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை என்பது நம் ராஜா அண்ணாமலைபுரம் ஃபிளாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஏன் என்பதைப் பாதிப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன்.

என் பேத்திக்குக் கோதுமை ஒத்துக்கொள்ளாது. தின்றால் வயிறு வலித்துச் சுருண்டுவிடுவாள். பக்வீட் என்று ஒரு தானியம், பெயரில்தான் கோதுமை, அந்த மாவில் ரொட்டி சுடலாம் என்று மருமகள் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மார்கழியில் பத்துத் தொட்டியில் அந்த விதையைப் போட்டேன். ஒரே மாதத்தில் வெள்ளையாகப் பூத்தது. பிறகு முக்கோணமாகப் பச்சைக் காய். நெல் மாதிரி எல்லாம் சேர்ந்து முற்றும், ஒரேயடியாக அறுக்கலாம் என்று காத்திருந்தேன். ஆனால் கறுத்த விதைகள் தினமும் காணாமல் போயின. ஒருநாள் விடிந்ததும் மேலே போனால், என் செடியில் கை வைத்து நிற்கிறாள் ஜமீலா.

அவள் கீழே இறங்கும்போது படிக்கட்டில் வைத்தே கேட்டேன், எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி. "எம் பேத்தி வாயில போறத திருடறியாடி?"

மந்தைவெளி வரைக்கும் பாதிப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தவள் அவள். தன் வீட்டுக்குள் போய், தன் பட்டன் டப்பாவை எடுத்துவந்து என் காலடியில் வைத்தாள். அதில் பட்டன் இல்லை. அத்தனையும் கறுத்த விதை.

"இது ஒண்ணா முத்தாதுக்கா. கறுத்தத அன்னிக்கே எடுக்கணும், இல்லாங்காட்டி கொட்டிப்பூடும். நீ அறுக்கறதுக்குள்ள புறா ரொட்டி சுட்டுத் துன்னுக்கினு பூடும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா கேக்கற ஆளா நீ?"

எல்லோரும் சிரித்தீர்கள். யார் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது.

டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த விதையில் சுட்ட ரொட்டியைப் பேத்தி வயிறு வலிக்காமல் தின்றாள். அதையும் ஜமீலாவிடம் சொல்லவில்லை. ஒரு பிடி எடுத்துவைத்து அடுத்த வருஷமும் விதைத்தேன். தினம் பறித்தால் அவள் பேச்சைக் கேட்டதாகிவிடும் என்று மொத்தமாகவே அறுத்தேன். பாதி பச்சை, கறுத்தது புறாவுக்கு. பேத்திக்கு ஒரு ரொட்டிக்குக்கூடத் தேறவில்லை. எதிர்க்கொடியில் துணி உலர்த்திக்கொண்டே பார்த்திருந்தாள் ஜமீலா. ஒரு விதையைத் தொடவில்லை.

இந்த வருஷமும் விதைத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல்நாள், மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டி முன்னால் நின்றாள்.

"அக்கா, நாலு கறுத்துக் கீது. நான் தொடல."

நான் குழாயைத் திறந்துவிட்டேன், காதில் விழாத மாதிரி. அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள்.

செவ்வாய்க்கிழமை வாட்ச்மேன் செய்தி சொல்லிவிட்டுப் போனதும் அந்தக் கிளையைப் பார்த்தேன். நாலும் இல்லை, அவள் சொன்ன மாதிரியே கொட்டிப்போயிருந்தன.

கேட்காமல் கை வைத்தது தப்பு என்று இன்றைக்கும் சொல்வேன். அவளைத் திருடி என்றது அதைவிடப் பெரிய தப்பு. அன்றைக்குப் படிக்கட்டில் நின்று கேட்டவர்களெல்லாம் இதையும் கேளுங்கள்: ஜமீலா திருடவில்லை.

பட்டன் டப்பா என்னிடம்தான் இருக்கிறது. அவள் மகள் கேட்டாலும் தரமாட்டேன். தினமும் விடிந்ததும் மேலே போய், கறுத்ததை மட்டும் பறித்து அதில் போடுகிறேன்.