டோரீன் வீட்டு போன்

கோமளத்துக்குச் சர்க்கரை வியாதி என்றுதான் பெங்களூர் ஈஜிபுராவில் எங்கள் சந்து முழுக்க நம்பியது. அவளுக்குச் சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை. தெருவாசலைத் தாண்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், கைகால் உதறும், இதோ செத்தோம் என்று தோன்றும். நடந்தது தொண்ணூற்றாறில். பிறகு அவளே என்னிடம் சொன்னது.

புருஷன் உத்தமன் ஒரே ஒருமுறை அவளை ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு மனநல டாக்டரிடம் போனான். அவள் பட்ட பாட்டைப் பார்த்த டாக்டர், இனி புதன்கிழமை பதினொரு மணிக்கு நானே போன் செய்கிறேன் என்றார். இவர்கள் வீட்டில் போன் ஏது? கீழ்வீட்டு ஓனரம்மா டோரீனின் நம்பரை, அடுத்தவர் வீட்டு போன் என்பதற்கு ஊரே போடுவதுபோல, பி.பி. என்று போட்டு எழுதிக் கொடுத்தான். டோரீனிடம் சுகர் டாக்டர் என்று ஒரு பொய். பைத்தியம் என்று தெரிந்தால் வீட்டைக் காலி பண்ணச் சொல்வாளாம். உத்தமன் ரொம்பப் புத்திசாலி, அவன் கணக்கில்.

புதன்தோறும் கோமளம் படியிறங்கிப் போவாள். டோரீன் போன் இருக்கும் ஹாலிலேயே உட்கார்ந்து காய் நறுக்குவாள்.

"தூக்கம் வருதாம்மா?"

"வருது டாக்டர்."

"சாகணும்னு நினைப்பு வருதா?"

"இல்ல டாக்டர். கன்ட்ரோல்ல இருக்கு."

போனை வைத்ததும் டோரீன் சர்க்கரை போடாத காபி நீட்டுவாள். கசப்பைக் குடித்துவிட்டுக் கோமளம் மேலே போவாள். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒரு புதன்கிழமை டாக்டர் சந்தோஷமாகப் பேசினார். "நல்லா தேறிட்டீங்க. மாத்திரையைக் குறைச்சிடலாம். இனிமே நான் கூப்பிட வேண்டியதில்ல."

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சாவைத் தவிர வேறு நினைப்பில்லை. சொல்ல வாய் திறந்தாள். டோரீனின் கத்தி நின்றது.

"சரி டாக்டர்" என்றாள் கோமளம். அவர் போனை வைத்துவிட்டார்.

காபி வந்தது. இனித்தது.

"வருது வருதுன்னு சொல்றப்பல்லாம் கண்ணு கலங்குது உனக்கு" என்றாள் டோரீன். "சுகருக்கு யாரும்மா அழுவாங்க? வீட்டைக் காலி பண்ணுன்னு நான் சொல்ல மாட்டேன். அவருக்குத் திரும்பப் போன் போட்டு, உள்ளதைச் சொல்லு. நான் வெளிய இருக்கேன்."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். முதல்முறையாக அந்த ஹாலில் கோமளம் தனியாக நின்றாள். எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். ஆசையாகத்தான் ரிசீவரை எடுத்தாள். எடுத்த பிறகுதான் உறைத்தது, டாக்டரின் நம்பர் அவளிடம் கிடையாது. எப்போதும் அவர்தான் கூப்பிடுவார்.