ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த டிவி

எங்கள் வீட்டு டிவியில் மனிதர்கள் ஓரிடத்தில் நிற்கமாட்டார்கள். கீழேயிருந்து மேலே ஏறிப் போய்க்கொண்டே இருப்பார்கள். முதலில் தலை மறையும், பிறகு உடம்பு, அப்புறம் ஒரு கறுப்புப் பட்டை. மறைந்த தலை மறுபடி அடியிலிருந்து கிளம்பி வரும். இவர்களுக்குத் தலை சுற்றாதா, யாராவது வழுக்கி விழுந்துவிட்டால் யார் தூக்குவது என்று தவிப்பேன். பிற்பாடு எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கவலைப்படுவதற்கு மட்டும் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. அது சின்ன வயதிலேயே கைவந்துவிட்டது.

போடியிலிருந்து ஜீப்பில் ஏறி வரும் மலைச்சரிவில் ஓர் ஏலக்காய்த் தோட்டம். அங்கே ஸ்டோரில் அப்பாவுக்கு வேலை. பறித்த பச்சைக் காயைத் தட்டுத் தட்டாகப் பரப்பி, அடியில் விறகெரித்து, அந்தச் சூட்டில் காயவைக்கிற கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்போம். முதலாளி வீட்டில் கலர் டிவி வந்ததும் பழைய கறுப்பு வெள்ளைப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. வரும்போதே கிழடு. கதவைச் சாத்தினாலும் மஞ்சு என்கிற மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில் அதற்கு இன்னும் சீக்கு கூடியது.

கொடைக்கானலில் டிவி கோபுரம் வராத காலம் அது. மாலையானால் தகரக் கூரையில் நட்ட ஆன்டெனாக் குழாயில் இலங்கை டிவிதான் கிடைக்கும், அதுவும் கடல் தாண்டி வந்த களைப்போடு.

அதை விடாமல் பார்த்தவள் அத்தை, அப்பாவின் தங்கை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டு, ஒற்றை ட்ரங்குப் பெட்டியோடு கப்பலேறித் திரும்பியவள். காகிதங்கள் சரியானதும் பின்னாலேயே வருகிறேன் என்று சொல்லியிருந்த மாமா வரவில்லை. பிறகு அங்கே கலவரம் என்றார்கள். மாமாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. டிவியில் ஒரு கூட்டம், ஒரு கடைத்தெரு, ஒரு தேயிலை மேடு வந்தால் போதும், அத்தை எழுந்துபோய் மூக்கு ஒட்டுகிற மாதிரி நின்று தேடுவாள். அவள் தேடி முடிப்பதற்குள் கூட்டம் முழுக்க மேலேறிப் போய்விடும்.

"அண்ணே, இதுகள ஒரு எடத்துல நிக்க வையேன். ஒரு நிமிசம் நின்னாப் போதும், நான் பாத்துக்கிருவேன்."

அப்பா போடியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் முதுகுப் பலகையைக் கழற்றி முகர்ந்தே பார்த்தார்.

"ஈரம் ஏறிருச்சுண்ணே. கடைக்குக் கொண்டாங்க, காயவச்சுப் பாப்போம்."

"ஈரம் எடுக்கப் போடிக்குப் போகணுமாக்கும்? இங்க நாங்க வேறென்ன சோலி பாக்குறோம்?"

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தபடி மெக்கானிக் ஜீப்பேறினார். அப்பா வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மறுநாள் காலையில் காய்த்தட்டுகளுக்கு நடுவே டிவியையும் வைத்து ஸ்டோரை மூடிவிட்டார்.

அம்மா வாசலில் நின்று கத்தினாள். "கரண்டுச் சாமானப் போயி அவிக்கிறீகளே! முதலாளி பாத்தா காயோட சேத்து ஒங்களையும் தட்டுல பரத்திருவாரு!"

நான் ஸ்டோர்ச் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே இருக்கிறவர்கள் தண்ணீர் கேட்டால் எனக்குக் கேட்குமா? மஞ்சு வந்து ஸ்டோரை மூடியது, விலகியது, மறுபடி மூடியது. ஒரு சத்தமுமில்லை.

வெளியே எடுத்தபோது ஒரு பிளாஸ்டிக் திருகு வெல்லப்பாகுபோல் வளைந்து தொங்கியது. ஆனால் படம் நின்றது. பெட்டி சூடேறச் சூடேற அதிலிருந்து ஏலக்காய் மணம் கிளம்பி அறையெல்லாம் நிறைந்தது. பாடுகிறவர்கள், செய்தி சொல்கிறவர்கள் எல்லோரும் அப்படியே மணந்தார்கள்.

"மாமா ஊரு இப்படித்தான் மணக்குமா அத்தை?"

"இல்லத்தா. அந்த மணம் வேற." பெட்டிப் பக்கம் குனிந்து மறுபடி முகர்ந்துவிட்டு, "இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

ஏறுவது நின்றதே தவிர புள்ளி நிற்கவில்லை. வெள்ளையும் கறுப்புமாய்ப் புள்ளிகள் கொட்டும். அதற்குள் ஆட்கள் நிழலாக நடமாடுவார்கள். "அந்தா, குடைக்காரருக்குப் பின்னால… அந்த நடையப் பாரு" என்பாள் அத்தை. நாங்கள் பார்ப்போம். குடையே தெரியாது.

பிறகு கொடைக்கானலில் கோபுரம் வந்தது. மெக்கானிக் மறுபடி ஏறிவந்து, வளைந்த திருகைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு, கூரைக் குழாயை வேறு பக்கம் திருப்பினார். ஒரு புள்ளி இல்லை. செய்தி வாசிக்கிற அம்மாவின் சேலைக் கரைகூடத் தெரிந்தது. பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஆட்களெல்லாம் வந்து வாய்பிளந்து நின்றார்கள்.

அத்தையும் பார்த்தாள். "இது எந்த ஊரு?"

"டெல்லி, அத்தை!"

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் மாலை கூரையில் தகரம் அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் அத்தை, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழாயைப் பழைய பக்கத்துக்கே திருகிக்கொண்டிருந்தாள். தகரமெல்லாம் பாசி.

"அத்தை, எறங்குங்க! வழுக்கும்!"

"நீ உள்ள போயிப் பாத்து வெரசா சொல்லு. வருதா?"

"போச்சு அத்தை! படமே போச்சு! ஒரே புள்ளி!"

"புள்ளி வந்துருச்சா? ஆளுக அசையிற மாதிரி தெரியுதா?"

"தெரியுது. யாருன்னுதான் தெரியல."

"அது போதும்த்தா."

இறங்கி வந்து, கைத்துருவைச் சேலையில் துடைத்துக்கொண்டு, பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஏலக்காய் மணம் மெல்ல எழுந்தது.

எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பளிச்சென்ற படத்தை விட்டுவிட்டுப் புள்ளியைப் பார்க்கிறாளே, அத்தைக்குக் கண் கெட்டுவிட்டது என்று முடிவு செய்தேன். ஸ்டோரிலிருந்து வந்த அப்பாவை வாசலிலேயே மறித்து, "அத்தைய மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிக் கண்ணாடி போடுங்கப்பா" என்றேன். அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். டிவியைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். "சரித்தா" என்றார்.

சொன்னாரே தவிர, மதுரைக்குக் கூட்டிப் போகவில்லை. குழாயையும் திருப்பவில்லை. கூடப்பிறந்தவள் கண்மேல் இந்த மனுசனுக்கு இவ்வளவுகூட அக்கறை இல்லையே என்று நான் வெகுநாள் அப்பாவோடு பேசாமலே இருந்தேன்.