எங்க பிரஸ், நம்ம பிரஸ்

யாரையும் அண்டி இருக்க மாட்டேன் என்று வேலையை விட்டுவிட்டு அட்டைப்பெட்டி செய்யக் கிளம்பியவள் அவள். எட்டு மாதத்தில் சொந்தமாக இருந்தவை ஓர் அறையும் அட்டை வெட்டும் இயந்திரமும்தான். படம் அச்சடிக்க எதிரே பிரஸ்காரர், ஏற்றிப்போக வேன்காரர். ஒருவரோடும் ஒப்பந்தம் கிடையாது. ஒப்பந்தத்துக்குப் பதில் ஒரு சொல் இருந்தது. பார்ப்பவரிடமெல்லாம் 'நம்ம பிரஸ்', 'நம்ம வேன்' என்று சொல்லிவைப்பாள். அது சுற்றிவளைத்து உரியவர் காதுக்குப் போகும். நாலாம் நாள் அவரே 'நம்ம பெட்டிக்காரம்மா' என்று ஆரம்பித்திருப்பார். ஓசியில் கம்பெனி நடத்துகிறாள் என்பார் கணவர்.

சோப்புக் கம்பெனி அம்மாள் ஒருவர் பார்க்க வந்தார். மூவாயிரம் பெட்டி, படத்தோடு, பத்து நாளில். கைநழுவினால் பழைய வேலைக்கே திரும்ப வேண்டியதுதான். பிரஸ் வாசலில் அவர், "இது உங்களோடதா?" என்று கேட்க, இருந்த மிதப்பில் இவள் வாய் தவறியது.

"ஆமா, எங்க பிரஸ்தான்."

ஆர்டர் கிடைத்தது. உள்ளிருந்து நிமிர்ந்து பார்த்த பிரஸ்காரர், அன்று மாலையிலிருந்து போனை எடுக்கவில்லை.

மறுநாள் காலை நேரில் போய் நின்றாள். அவர் துணியால் கை மையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நேத்து வரைக்கும் 'நம்ம'. பெரிய பார்ட்டி வந்ததும் 'எங்க' ஆயிடுச்சு. பத்திரம் எப்பம்மா எழுதிக் குடுத்தேன்?"

ஒரு நிமிடம் யோசித்தாள். "எங்கன்னா நீங்களும் நானும்ண்ணே. அந்தம்மாதான் வெளியாளு. நம்மன்னு சொல்லியிருந்தா அவங்களும்ல பங்குக்கு வந்திருப்பாங்க?"

துணி நின்றது. இலக்கணம் சரியாகத்தான் இருந்தது. அவர் முகம் இளகவும், பின்னால் யாரோ தொண்டையைச் செருமவும் சரியாக இருந்தது. பெட்டிக்கான படத்தோடு சோப்பு அம்மாள்.

"அப்ப நான் வெளியாளா?"

இவ்வளவு நேரம் முறுக்கிக்கொண்டிருந்த பிரஸ்காரரே ஸ்டூலை இழுத்துப் போட்டார். "முதல் லோடு போகட்டும்மா. அப்புறம் நீங்களும் நம்மதான்."

பத்தாம் நாள் லோடு போனது. ஒரு மாதம் கழித்து, சோப்பு அம்மாள் போகிற இடமெல்லாம் இவள் பேச்சை எடுக்கிறார் என்று வேன்காரர் சேதி கொண்டுவந்தார். என்னவென்று, என்றாள். பெட்டிக் கம்பெனி என்றுதான், என்றார் அவர்.

"அதில்ல. முன்னாடி என்ன போட்டாங்க? நம்மவா, எங்கவா?"

வேன்காரர் தலையைச் சொறிந்தார். "ரெண்டும்தான்க்கா. பிஸ்கட்காரர்கிட்ட 'நம்ம பெட்டிக் கம்பெனி'. இன்னொரு சோப்புக்காரர் கேட்டப்ப 'எங்க பெட்டிக் கம்பெனி'."

இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்தாள்.

"எந்தப் பிஸ்கட்காரர்?"