ஊர் எல்லை தாண்டாத இசைக்குழு

இந்தக் குளிர்காலத்துக்கு முதல் தடவையாக மின்சார ஹீட்டரைப் போட்டேன். கோடை முழுக்க அதற்குள் படிந்திருந்த தூசி சூடேறி, ஒரு கருகல் மணம் வீடெல்லாம் பரவியது. "அம்மா, என்னவோ எரியுது!" என்று மகள் ஓடிவந்தாள். ஒன்றும் எரியவில்லை. என் இருபது வயது இப்படித்தான் மணத்தது என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? நொய்கெல்னில் என் மூன்றாம் மாடி வீட்டில் நின்றபடியே, என் இளமைக்கால ஜேர்மன் நகரமான கெல்சென்கிர்ச்சனுக்குப் போய்விட்டேன்.

அங்கே ஒரு பழைய பங்கர் இருந்தது. போர்க்காலத்தில் குண்டுவீச்சுக்குத் தப்பக் கட்டியது. யன்னல் கிடையாது, சுவரோ ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குத் தடிப்பு. உள்ளே என்ன சத்தம் போட்டாலும் வெளியே கேட்காது என்பதால், இசைக்குழுக்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஓர் அறை எங்களுடையது. என் நண்பன் உவேயின் பழைய அம்ப்ளிஃபயரின் கண்ணாடிக் குழாய்கள் சூடேறும்போது வந்த மணம்தான் அது. ஈரச் சீமெந்து மணமும் கூடச் சேர்ந்துகொள்ளும். வீட்டுக்குப் போனால் அம்மா என் சட்டையை மோந்து பார்த்துவிட்டு, "நிலக்கரிச் சுரங்கத்துக்கே போட்டு வாறாய்?" என்பார்.

உவே, மின்வேலை பழகும் அவுஸ்பில்டுங்கில், அந்தத் தொழிற்பயிற்சி வகுப்பில், என் பக்கத்து மேசைக்காரன். கித்தார் பைத்தியம். பேஸ் கித்தார் வாசிக்க ஆள் கிடைக்காமல் என்னைப் பிடித்தான். "நாலு கம்பிதானே, சமாளிப்பாய்" என்றான். சமாளித்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மேளத்துக்கு வந்தவர்கள் ஒருவரும் நிலைக்கவில்லை. பாடுவதற்கோ ஆளே இல்லை.

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு, வடை தின்னும் ஆசையில் உவேயும் என்னோடு எங்கள் தமிழாக்கள் கூடும் மண்டபத்துக்கு வந்தான். ஊரிலிருந்து புதிதாக அகதியாக வந்திருந்த ரமணன் அண்ணை தேவாரம் பாடிக்கொண்டிருக்கும்போது மைக் செத்துப்போனது. மின்வேலைக்காரர் நாங்கள் இரண்டுபேர் இருக்கிறோமே என்று எழும்பிப் போய் வயரைக் கிளறினோம். அண்ணை பாட்டை நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினார், அவ்வளவுதான். பின்வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். உவே வயரைக் கையில் பிடித்தபடி வாயைத் திறந்துகொண்டு நின்றான்.

பூசை முடிந்ததும் நான்தான் மொழிபெயர்ப்பாளர்.

"அண்ணை, உங்களை ராக் பாட வரட்டாம்."

"அதென்னது?"

"கத்திப் பாடுறது."

"கத்த எனக்கு நிறையக் காரணம் கிடக்கு. வாறன்."

ரமணன் அண்ணை அப்போது அகதி முகாமில் இருந்தார். அகதிக் கோரிக்கை வழக்கு முடியவில்லை, வேலை செய்ய அனுமதி இல்லை. முகாமில் கொடுத்த காய்ந்த பாண் ரொட்டி ஒன்றை ஒருநாள் கொண்டுவந்தார். அது வெட்டினாலும் வெட்டுப்படவில்லை, உவே மேளத்தில் தட்டிப் பார்த்தான், நல்ல சத்தம் வந்தது. "ஐசன்புரோட்" என்றான். இரும்புப் பாண். அதுவே எங்கள் பெயராயிற்று.

நகரத் திருவிழாவில் பாடினோம், பிறகு இளைஞர் மன்றத்தில். அங்கே எங்களைக் கேட்ட ஒருவர் ஹம்புர்க்கிலிருந்து அழைத்தார். பெரிய குழுவொன்றுக்கு முன்னால் ஏறிப் பாட வேண்டும், ஒரு மாதச் சுற்றுப்பயணம். உவே என்னைத் தூக்கிச் சுற்றினான். ரமணன் அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. அந்த நாளில் அகதிக் கோரிக்கை வைத்தவர்கள் வழக்கு முடியும்வரை நகர எல்லை தாண்டக்கூடாது. பக்கத்து எஸ்ஸனுக்கு ட்ராமில் போவதே குற்றம்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்று முன்கூட்டியே நேரம் எடுத்துக்கொண்டு போய் அனுமதி கேட்டோம். சட்டம் அப்படித்தான் என்றார்கள்.

"வான் வண்டிக்குள்ள ஒளிச்சுக் கொண்டுபோவம்" என்றான் உவே.

"பிடிபட்டா வழக்குப் பாழாப் போயிடும் தம்பி. ஏலாது. வேற ஆளை வைச்சுப் பாடுங்கோ, நான் கோவிக்க மாட்டன்."

நான் அதை ஜேர்மனில் சொல்லி முடிக்குமுன்னே உவேயின் முகம் சிவந்துவிட்டது. போய் அம்ப்ளிஃபயரைப் போட்டுக் கோபத்தில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப அடித்தான். அண்ணை மைக்கைப் பிடித்து, முடியாது என்று தான் சொன்ன அந்த ஒரு சொல்லையே பாடினார். "ஏலாது!" எனக்குச் சுரம் பிசகியது. எப்போதும் பிசகுவதுதான், ஆனால் அன்று ஒருவரும் திட்டவில்லை.

ஹம்புர்க்குக்கு வர முடியாது என்று அறிவித்துவிட்டோம். பதிலுக்கு, ஒவ்வொரு சனி பின்னேரமும் பங்கரின் பெரிய கூடத்தில் வாசித்தோம். முதலில் தெரிந்த முகங்கள். பிறகு பக்கத்து நகரங்களான போஹுமிலிருந்து, டோர்ட்முண்டிலிருந்து ரயிலேறி வந்தார்கள். ஊரைவிட்டு வெளியே போகாத இசைக்குழு என்று கதை பரவியது. ஏன் போவதில்லை என்று தெரிந்தபோது இன்னும் கூடினார்கள். அர்த்தம் தெரியாத ஜேர்மன் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் கையை உயர்த்தி "ஏலாது! ஏலாது!" என்று கத்துவதை நினைத்துப் பாருங்கள். கடைசியில் அந்த ஹம்புர்க்காரரே ரயிலில் வந்தார். முதல் இசைத்தட்டு அந்தப் பங்கருக்குள்ளேயே பதிவானது.

அண்ணைக்கு விசா கிடைத்த பிறகுதான் முதல் பயணம். நகரம் முடியும் மஞ்சள் பலகையடியில் வானை நிறுத்தச் சொன்னார். இறங்கி, பலகையைத் தாண்டி நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டினார். உவே ஹோர்ன் அடிக்கவில்லை. வானுக்குள் ஏறியதும் அண்ணை, "சரி, போவம்" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பெரிய மேடைகள், இன்னும் சில தட்டுகள், போகும் ஊரெல்லாம் எங்கள் பெயர் போட்ட கறுப்புச் சட்டைகள். சண்டை பிடித்துப் பிரிந்தோம் என்று எழுதினால் சுவையாக இருக்கும். உண்மையில் உவேக்குக் காது கேட்பது குறைந்தது, எனக்கு மகள் பிறந்தாள், அண்ணையின் தொண்டையில் ஒரு கட்டியை வெட்டினார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, குரல்தான் திரும்பி வரவில்லை.

பங்கர் இப்போது விலைகூடிய அடுக்குமாடி. அந்தத் தடித்த சுவரை அறுத்துப் பெரிய யன்னல்கள் வைத்திருக்கிறார்கள். முகாம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. சனி பின்னேர ரயிலில் வந்தவர்கள் இப்போது எந்தெந்த ஊரில் தலை நரைத்திருக்கிறார்களோ தெரியாது.

ரமணன் அண்ணை நெடுந்தூர லொறி ஓட்டுகிறார். ஹீட்டர் போட்ட அன்று மத்தியானம் அவருக்குப் போன் எடுத்தேன்.

"எங்க அண்ணை நிக்கிறியள்?"

"பொறு பிள்ளை, பாத்துச் சொல்லுறன்." கரகரத்த அந்தக் குரலுக்குப் பின்னால் லொறி யன்னல் இறங்கும் சத்தம் கேட்டது. "போலந்து போலக் கிடக்கு. எல்லை எப்ப வந்து போனதெண்டு நான் கவனிக்கேல்லை."