ஐஸ் கிண்ணத்தில் இரண்டாவது ரத்தம்

எனக்கு எழுபத்தொரு வயது. வளர்த்தது ஆறு பிள்ளைகள். நாலு நான் பெற்றது, இரண்டு என் ஓர்ப்படி விட்டுப்போனது. ஆறு பேரும் வேலையில் இருக்கிறார்கள். நான் படித்தது நாலாவது. ஆனாலும் சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருஷம் ரத்தம் சுமந்தவள். ஐசியூவில் எடுக்கிற ரத்தத்தை ஐஸ் போட்ட கிண்ணத்தில் வைத்து லேபுக்குக் கொண்டுபோவேன். வழியில் நிற்கக் கூடாது. நின்றால் கிண்ணத்திலேயே ரத்தம் மாறிப்போய், ஆள் இருப்பதைவிட மோசமாகக் காட்டும். ஒரே ஒரு தடவை டீக்கு நின்றேன். நர்ஸம்மா பேசின பேச்சில் அப்புறம் டீ ஆசையே விட்டுப்போனது.

போன ஐப்பசி மழையில், மஞ்சக்குப்பத்து வீட்டில் என் வீட்டுக்காரருக்குக் குளிர்சுரம் வந்தது. மூத்திரத்தில் பிடித்த கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. காலையில் என்னைப் பார்த்து, "யாரும்மா நீ?" என்றார். நான் நம்புகிற ஆஸ்பத்திரி ஒன்றுதான். சிதம்பரத்துக்கே காரை விடச் சொன்னேன். வயலும் ரோடும் மழைத் தண்ணீரில் ஒரே வெள்ளையாகக் கிடந்தன. கார் ஓடுகிறதா மிதக்கிறதா தெரியவில்லை. அவர் கை என் மடியில் சில்லென்று இருந்தது.

பிரஷர் மருந்தில்தான் நிற்கிறது என்றார்கள். முதல் ரத்தத்தில் லாக்டேட் அதிகம். உடம்புக்குள் ரத்த ஓட்டம் தடுமாறினால் ஏறுகிற அமிலம் அது.

"பொழச்சிக்குவாரா டாக்டரம்மா?"

"இது ஒண்ண வச்சி சொல்ல முடியாது பாட்டிமா. ரெண்டு மணி நேரங்கழிச்சி இன்னொண்ணு எடுப்போம். எறங்குனா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். எறங்கலன்னா..."

"தெரியும்மா. விடு."

பெஞ்சில் உட்கார்ந்தேன். கண் சொக்கியது. நான் சுமந்த ரத்தமெல்லாம் வராந்தாவில் வரிசையாக வந்தது, ஒன்றுக்கும் முகமில்லை, சீட்டில் பேர் மட்டும். எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் ஒவ்வொன்றும் நகர்ந்துபோனது. அவர் பேரை மட்டும் தேடிக்கொண்டே இருந்தேன்.

கதவு திறந்தது. கிண்ணத்தோடு ஒரு பொம்பளை வெளியே வந்தாள். நான் பின்னாலேயே எழுந்து நடந்தேன். முழங்கால் வலியை அப்போது காணோம். முன்னால் போவது அவளா, பழைய நானா என்றே புரியவில்லை. அதே பச்சைச் சேலை, அதே நடை. மாடிப்படி கிட்ட யாரோ கூப்பிட, அவள் நின்று சிரித்துப் பேசினாள்.

"ஐஸ் தண்ணியாவுது. நடம்மா."

திரும்பிப் பார்த்தாள். "இன்னா ஆயா, நீதான் இங்க பெரிய டாக்டரா?"

"அவுங்க எடுத்த ரத்தத்த லேபுக்குக் கொண்டாந்து குடுத்தவளே நான்தான். உள்ள இருக்கறது எம் புருஷன். நட."

அவள் பேச்சை விட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. லேப் வாசலில் சுவரைப் பிடித்து நின்றேன். வெளியே மழையா, என் காதுக்குள்தான் அந்த இரைச்சலா, இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

அவள்தான் சீட்டோடு வந்தாள். "ஆயா, கொறஞ்சிருக்கு. பாதியாவல, ஆனா கொறஞ்சிருக்கு."

டாக்டரம்மாவும் அதையே சொன்னார். இன்னும் ஆபத்து இருக்கிறது, ஆனால் சரியான பக்கம் திரும்பியிருக்கிறது என்றார். மூன்றாவது ரத்தத்தில் இன்னும் இறங்கியது. நாலாம் நாள் அவர் கண்ணைத் திறந்து, "எங்கடி போன இந்நேரம்? காபி எங்க?" என்று அதட்டினார். கல்யாணமானதிலிருந்து அந்த அதட்டலுக்கு நான் திருப்பித் திட்டாமல் காபி வாங்கப் போனது அன்றைக்கு மட்டும்தான்.

ஏ பேத்தி, இந்தா, நான் சொல்லச் சொல்ல நீ எழுதின இதக் கொஞ்சம் சத்தமா வாசி. பக்கத்து ரூம்ல உன் தாத்தா தூங்கற மாதிரி படுத்திருக்காரு. அவருக்கும் கேக்கட்டும்.