கொதிநீரில் வளைந்த பிளாஸ்டிக்

நத்தம் சாலையில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு ஒருவனைப் பழிவாங்கினேன். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அகரம் கிராமத்து விவசாயி ஒருவர் தன் பழைய காரைக் கொண்டுவந்தார். இன்ஜினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அது கசிந்துகொண்டிருந்தது. முன்பு அலுமினியத்தில் வந்த உறை. இப்போது கண்ணாடி இழை கலந்த நைலானில் செய்கிறார்கள். நல்ல சரக்கென்றால் வருடக்கணக்கில் தாங்கும். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில், கம்பெனிப் பெட்டியிலிருந்த புதிய உறையை வாங்கி மாட்டினேன்.

பத்தாம் நாள், தாடிக்கொம்பு அருகே வண்டி சூடேறி நின்றுவிட்டது. அவர் பானெட்டைத் திறந்ததும் உறை வெடித்துக் கொதிநீர் கையில் பீய்ச்சியடித்தது. முழங்கை வரை தோல் உரிந்துபோனது.

கட்டுப் போட்ட கையோடு வந்தவரை அழைத்துக்கொண்டு நேரே அந்தக் கடைக்குப் போனேன். உடைந்த துண்டைக் கடைக்காரன் கையால்கூடத் தொடவில்லை.

“பாய் போல்ட்ட கண்டபடி முறுக்கியிருப்பாரு. பிளாஸ்டிக்கு என்ன செய்யும், பாவம்!” என்று அங்கிருந்த மெக்கானிக்குகளைப் பார்த்துச் சிரித்தான். அவர்களும் சிரித்தார்கள்.

விவசாயி சிரிக்கவில்லை. “ஒங்கள நம்பித்தானே பாய் வண்டிய விட்டேன்” என்றார் என்னிடம்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மதுரைக்குப் போய் அசல் உறை ஒன்று வாங்கினேன். என் மச்சானை அனுப்பி, அந்த ஸ்பேர்ஸ் கடையிலிருந்து அதேபோன்ற கம்பெனிப் பெட்டியில் இன்னொன்று வாங்கினேன். பிறகு ஒரு காலையில், மெக்கானிக்குகள் கூடும் நேரம் பார்த்து விவசாயியையும் வரச்சொல்லி, கடைக்கு எதிரிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். டீ மாஸ்டரிடம் ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொல்லி, இரண்டு உறைகளையும் அதில் போட்டேன்.

செத்த நேரம் கழித்துக் குறடால் எடுத்தேன். அசல் உறை விறைப்பாகவே இருந்தது. அந்தக் கடையில் வாங்கியதைத் திருகினேன்; காது மடல்போல வளைந்தது.

“இதுல போல்ட்டே மாட்டலையே அண்ணே, யாரு முறுக்குனது?” என்று சாலைக்கு அந்தப் பக்கம் கேட்கும்படிக் கத்தினேன்.

அவன் ஓடிவந்தான். “உள்ள வாங்க பாய், பேசிக்கிருவோம்.”

“இங்கனயே பேசுங்க. அன்னிக்கு எல்லாரு முன்னாலயுந்தானே சிரிச்சீக?”

இந்தமுறை அவனைப் பார்த்துத்தான் எல்லோரும் சிரித்தார்கள்.

அதோடு நான் விடவில்லை. வளைந்த உறையை ஒர்க்‌ஷாப் ஒர்க்‌ஷாப்பாகக் கொண்டுபோய்க் காட்டினேன். அவன் ஒருநாள் என் வாசலுக்கே வந்து நின்றான். “விட்ருங்க பாய், புள்ளகுட்டிக்காரன்.”

“அகரத்துக்குப் போயி அவரு காலத் தொட்டு மன்னிப்புக் கேளு. அப்புறம் விடுறேன்.”

அவன் போகவில்லை. அடுத்த வருடம் கடையை மூடினான். பெயர்ப்பலகையைக் கழற்றிய அன்று, கடைசி ஆணி வரும்வரை எதிரே நின்று பார்த்தேன்.

வீட்டில் மனைவி கேட்டாள்: “இப்பவாச்சும் மனசு ஆறிருச்சா?”

“இல்ல” என்றேன். “அவன் அகரத்துக்குப் போகவே இல்லையே.”