வெள்ளை பூசாத முகம்

பத்து வருடம் நான் செய்த தொழிலைப் பச்சையாகச் சொல்வதானால், கறுப்புப் பெண்களுக்கு வெள்ளையடித்தேன். காரைக்கால் கோவில்பத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பார்லர். ஒரு நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, மூலையில் ஒரு டிவி. கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் என்றால், பேன்கேக் பூச்சு டப்பாக்களில் இருப்பதிலேயே வெளுத்ததை எடுத்து, நனைத்த ஸ்பாஞ்சால் முகத்தில் அப்ப வேண்டும். கழுத்துக்குப் பாதி, கைக்குச் சுத்தமாகக் கிடையாது. வீடியோக்காரர் லைட்டைப் போட்டதும் அந்த முகம் சாம்பல் பூத்துப் போயிருக்கும். கை மட்டும் அதன் சொந்த நிறத்தில், வேறு யாருடைய கையோ போல மடியில் கிடக்கும். யாரும் குறை சொன்னதில்லை. "பொண்ணு பளிச்சுன்னு இருக்கு" என்ற பாராட்டுதான் கிடைத்தது. என் கல்யாண ஆல்பத்தில் நானும் அதே கோலத்தில்தான் இருக்கிறேன். நானும் நல்ல கறுப்பு.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு மத்தியானம். அந்த நேரத்துக்குப் பார்லருக்கு ஆள் வராது. சேனல்களைத் தள்ளிக்கொண்டே போனவள் ஓர் ஆங்கிலப் படத்தில் நின்றுவிட்டேன். ஒரு கறுப்பின நடிகை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். திட்டிக்கொண்டே இருந்தவர் பாதியில் சிரித்துவிட்டார். வாயை மூடிக்கொள்ளாத, தோள் குலுங்கும் சிரிப்பு. கேமரா அவர் முகத்துக்குக் கிட்டத்தில் போனது. நெற்றியிலும் கன்ன மேட்டிலும் வெளிச்சம் விழுந்து, தேய்த்த புளியங்கொட்டை மாதிரி மின்னியது. முகம், கழுத்து, தோள், கை எல்லாம் ஒரே நிறம். எங்கள் கடற்கரைப் பெண்களின் அதே நிறம்.

எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். அவர் என்ன பேசினார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அவர் சிரித்தபோது ஆளில்லாத அறையில் நானும் சத்தமாகச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. படம் முடிந்த பிறகுதான் கோபம் வந்தது. என் மேலேயேதான். அழகாக்குகிறேன் என்று சொல்லி எத்தனை நல்ல முகங்களை மூடித் தொலைத்திருக்கிறேன்!

அதன்பிறகு அவர் படம் எப்போது வரும் என்று காத்திருந்து பார்த்தேன். இங்கிலீஷ் பேப்பரில் ஒருமுறை அவர் படம் வந்தது. வெட்டிக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டினேன். புருவம் திருத்த வருகிறவர்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு.

"யாருக்கா இது, ஒங்க சொந்தமா?"

"கூடப் பொறந்தவ. பாஸ்போர்ட்டுல மட்டும் பேரு வேற."

கேலிக்குக் கேலி. ஆனால் மனசுக்குள் அது எனக்குக் கேலியாக இல்லை. பஸ்ஸிலும் கடையிலும் ஓரமாக ஒதுங்கி நிற்கும் பழக்கம் எனக்கு உண்டு. அவரைப் பார்க்கத் தொடங்கிய பிறகு கொஞ்சம் நடுவில் நிற்க வந்தது. அவர் நாட்டில் அவர் என்னென்ன பட்டாரோ, எந்த வாசலில் எத்தனை பேர் மறித்தார்களோ, நான் அறியேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

தொழில்காரி புத்தி சும்மா இருக்குமா? அவருக்கும் மேக்கப் போட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. நிறத்தைக் குறைக்காமல், அந்த நிறத்துக்குள்ளேயே போட்டிருந்தார்கள். உதட்டுக்கு நாவல்பழ நிறம், கண் இமையில் லேசாகத் தங்கம், மினுமினுப்பைத் துடைக்காமல் விட்டது. பார்த்துப் பார்த்துக் கற்றேன். ஆனால் போடுவதற்கு அந்த நிறத்தில் பவுண்டேஷன் பூச்சு வேண்டுமே! காரைக்கால் கடைத்தெருவில் இருந்ததிலேயே கறுத்த பாட்டில் என் கன்னத்தைவிட நாலு மடங்கு வெளுப்பு.

விடுமுறைக்குப் பிரான்சிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர்தான் வழி காட்டினார். கண்ணாடியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அங்க இவங்க நெறத்துக்குன்னே கடைங்க இருக்குங்க. அடுத்த தடவ வரும்போது வாங்கியாறேன்" என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். மறு வருடம் இரண்டு பாட்டிலோடு வந்து நின்றார். அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு என் முகத்தில் பூசிப் பார்த்தேன். பூசிய இடமே தெரியவில்லை. தோல் மட்டும் தெளிந்து, நானே இன்னும் கொஞ்சம் நானாக நின்றேன். அன்றைக்கு முடிவு செய்தேன்: ஒரே ஒரு பெண்ணையாவது அவள் நிறத்தோடு மணமேடைக்கு அனுப்புவது, அது முடியாவிட்டால் கல்யாண மேக்கப்பை விட்டுவிடுவது.

அடுத்து வந்தது திருவேட்டக்குடிக் கல்யாணம். பெண்ணின் அம்மா மீன் விற்பவர். குரலும் அதற்கேற்ற குரல். முதல் நாள் சாயங்காலம் வரவேற்புக்கு நான் அந்தப் பாட்டிலை எடுத்ததுமே பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, கறுப்பாவே இருக்கறதுக்கு ஒன்ன எதுக்குக் கூப்புடணும்? வூட்டுலேயே மொகத்தக் கழுவிட்டு வந்திருப்பாளே!"

அவர் வெளியே போனதும் கண்ணாடியிலிருந்து உரித்துப் பையில் கொண்டுவந்திருந்த நடிகையின் படத்தை எடுத்துப் பெண்ணிடம் காட்டினேன். இவரைப் பார், எப்படி இருக்கிறார் பார் என்று ஆவலாகச் சொன்னேன். அவள் நன்றாகத்தான் பார்த்தாள்.

"அழகா இருக்காங்கக்கா. ஆனா அவங்க நடிகை. நாளைலேருந்து மாமியார் வூட்டுல இருக்கப்போறது நான்தானே?"

படத்தைப் பார்த்து வீம்பு பேசுவது சுலபம். அந்த வீட்டில் அவள்தானே வாழ வேண்டும். பேன்கேக்கை நனைத்தேன், வழக்கம்போல் அப்பினேன். வீட்டுக்குப் போய்ப் பாட்டிலை அலமாரிக்குள் தள்ளினேன். இதோடு சரி, காலை முகூர்த்தம் முடிந்ததும் இந்த வேலைக்கே முழுக்கு என்று நினைத்தபோது அழுகை வந்தது. ஆனாலும் விடியற்காலையில் புறப்படும்போது எதற்கோ அந்தப் பாட்டிலையும் பைக்குள் போட்டேன்.

மண்டபத்து அறையில் பெண் தலைக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் ஸ்பாஞ்சை நனைக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நேத்து மேடையில அவரு மொத மொதல்ல என்னா கேட்டாருன்னு தெரியுமா?"

"என்னா கேட்டாரு?"

"காதுகிட்ட வந்து, 'ஒடம்பு சரியில்லையா? காய்ச்சலா?'ன்னு கேட்டாரு."

நான் அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடித்ததும் அவள் முகத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இன்னிக்கும் அப்புடிக் கேட்டா நான் என்னா சொல்றது? அந்தப் படத்து அக்கா மாதிரியே போடுங்க. வந்தது வரட்டும்."

அவசரமில்லாமல் போட்டேன். கழுத்து வரைக்கும், காது மடல் வரைக்கும். கன்ன மேட்டின் மினுமினுப்பைத் துடைக்கவில்லை. கண்ணாடியைக் காட்டினேன். அவள் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வளையல் போட்ட கையைத் தூக்கி முகத்தோடு வைத்தும் பார்த்தாள்.

அப்போது பூக்கூடையோடு அவள் அம்மா உள்ளே வந்தார். வசவு வரப்போகிறது என்று நான் பாட்டிலைப் பின்னால் மறைத்தேன். அவர் மகளுக்கு எதிரே வந்து நின்றார். தாடையைத் தொட்டு முகத்தை நிமிர்த்தி, நெற்றி, கன்னம், கழுத்து என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கூடையைக் கீழே வைத்தார்.

"அதுல இன்னும் மிச்சம் இருக்கா?"

"இருக்குங்கக்கா."

அவர் போய்க் கதவைத் தாழ் போட்டார். மகளை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"எங் கல்யாணத்துலயும் பவுடரத்தான் அப்புனாங்க," என்றார். "எனக்கும் இதயே போட்டுவிடு."